கழுவெளிக்குப் போங்க, மழை விட்டதும் போங்க

தமிழ்நாட்டுலயும் புதுச்சேரியிலயும் எங்க உப்பங்கழியில படகு விட்டாலும் உடனே 'குட்டி கேரளா'ன்னு பேர் வெச்சுடறாங்க. ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே படகு போனா குட்டி கேரளா. பிச்சாவரத்துல அலையாத்திக் காட்டுக்குள்ள துடுப்பு போட்டா குட்டி கேரளா. சுண்ணாம்பாத்துல மணல்திட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போனா அதுவும் குட்டி கேரளா. இந்தப் பேரைக் கேக்கும்போதெல்லாம் எனக்குக் கோவம் வருது. பேரு மாறினா வர்றவங்க எதிர்பார்ப்பு மாறும். எதிர்பார்ப்பு மாறினா, அதுக்குத் தகுந்த மாதிரி ஊரை வெட்டித் தைக்க ஆளு வந்துடும். கேரளாவுல இருக்குற ஆழமும் வருஷம் பூரா நிக்கிற தண்ணியும் இந்தக் கரையில கிடையாது. இங்க இருக்குறது வேற ஒண்ணு. அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் எப்போ போகணும், எப்படிப் போகணும்னு சொல்ல முடியும்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ரெண்டு நாள் ஓய்வா, தண்ணி சூழ்ந்த ஒரு அமைதியான கிராமத்துல இருந்துட்டு வரணும்னா கழுவெளிக் கரை போதும். ஆனா அதுக்கு ஒரு பருவம் இருக்கு. கார்த்திகை மழை விட்டதுலேருந்து மாசி வரைக்கும்தான் அது. அந்த நேரத்துலதான் தண்ணி நிறைஞ்சிருக்கும், பறவை வந்திருக்கும். உப்பளத்துல வேலை செய்றவங்க கையில காசு இல்லாத மாசங்களும் அந்தப் பருவத்துலதான் வருது. இந்த மூணையும் சேர்த்துப் பார்த்து ஒரு சின்ன ஏற்பாடு செஞ்சா ஊரும் பொழைக்கும், பறவையும் பொழைக்கும், போறவங்களுக்கும் உண்மையான ஓய்வு கிடைக்கும்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கால படுத்திருக்குற பெரிய நீர்ப்பரப்புதான் கழுவெளி. தமிழ்நாட்டுல பழவேற்காட்டுக்கு அடுத்தபடியா பெரிய உவர்நீர் ஏரின்னு இதைத்தான் சொல்வாங்க. 2021 டிசம்பர்ல வானூர், மரக்காணம் ரெண்டு தாலுகாவுலயும் சேர்த்து 5,151.60 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமா அரசு அறிவிச்சுது. வடக்குல உப்புக்கழி வழியா, இடையன்திட்டு முகத்துவாரத்துல கடலைத் தொடுது. (ஆரோவில் பக்கத்து இடையஞ்சாவடியில உக்காந்து இதை எழுதும்போது அந்தப் பேரு கூடுதலா பிடிக்குது. அங்க இடையன் திட்டு, இங்க இடையன் சாவடி. திட்டுன்னா தண்ணிக்கு நடுவுல நிக்கிற மேடு, சாவடின்னா வழிப்போக்கன் தலை சாய்ச்சு இளைப்பாறுற இடம். தண்ணி சூழ்ந்த கிராமத்துக்கு ஓய்வெடுக்கப் போறதைப் பத்தின பதிவுக்கு இதைவிடப் பொருத்தமா ரெண்டு பேரு கிடைக்காது.) பேரு மட்டும் இல்ல, தண்ணியும் இந்த ரெண்டு இடத்தையும் சேர்க்குது. ஆரோவில்லைச் சுத்தி இருக்குற இந்தச் செம்மண் மேட்டுல பெய்யுற மழையில ஒரு பங்கு ஓடை ஓடையா இறங்கி, ஏரி ஏரியா நிரம்பி, கடைசியில கழுவெளிக்குத்தான் போய்ச் சேருது.

இந்த ஏரியோட குணம் என்னன்னா, ஒரே ஏரிக்குள்ள ரெண்டு தண்ணி. கடலை விட்டுத் தள்ளி இருக்குற பக்கம் மழைத்தண்ணி, முகத்துவாரத்துப் பக்கம் உப்புத்தண்ணி, நடுவுல ரெண்டும் கலந்தது. ஆழமும் ரொம்பக் கம்மி. வடகிழக்குப் பருவமழைக்கு நிரம்பும், பங்குனி சித்திரையில பெரும்பகுதி காஞ்சு, வெடிச்ச சேத்துல மாடு மேயும். ஆழம் இல்லாததுதான் இதோட பலம். கால் நீளமான பூநாரையும் செங்கால் நாரையும் நின்னு மேய ஆழம் கம்மியாத்தான் இருக்கணும். மத்திய ஆசியாவுலேருந்து குளிருக்குத் தப்பி வர்ற வாத்து, உள்ளான் கூட்டத்துக்கு இந்தக் கரை ஒரு சத்திரம். இதுலயே ஒரு கேள்விக்குப் பதில் கிடைச்சுடுது. இங்க ஹவுஸ்போட் விடலாமான்னு கேட்டா, விட முடியாது. விடணும்னா தூர் வாரி ஆழப்படுத்தணும். ஆழப்படுத்தினா பறவை நிக்க இடம் இருக்காது. படகு வரும், ஆனா எதைப் பார்க்கப் படகுல ஏறினாங்களோ அது போயிடும்.

இப்போ உப்பு. ஈசிஆர்ல மரக்காணத்தைத் தாண்டினவங்க எல்லாரும் ரோட்டோட ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு பாத்திகளைப் பார்த்திருப்பாங்க. நிறைய பேர் வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. அந்தப் பாத்திக்குள்ள நடக்குறதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும். தண்ணியை முதல்ல பெரிய பாத்தியில தேக்கி வெயில்ல விடுவாங்க. கடல் தண்ணியோட அடர்த்தி மானியில மூணு டிகிரி சொச்சம்தான் இருக்கும். அதைப் பாத்தி மாத்திப் பாத்தி மாத்தி ஏத்தி, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தாத்தான் உப்பு பூக்கும். அதுக்கு முன்னாடி, வருஷத் தொடக்கத்துல, பாத்தியோட தரையை வெறுங்காலால மிதிச்சு மிதிச்சுக் கெட்டிப்படுத்தணும். தரை இளகி இருந்தா தண்ணி கீழ இறங்கிடும், உப்புல சேறு கலந்துடும். பூத்த உப்பை நீளக் கம்புல மாட்டின பலகையால வாரி வரப்புல கூட்டி, ஈரம் வடியவிட்டு, தலைச்சுமையா மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டணும். வெயில் ஏறினா அந்த வெள்ளையில கண்ணு கூசும், அதனால விடியறதுக்கு முன்னாடியே இறங்கிடுவாங்க. உப்புத்தண்ணியில ஊறின காலுல வெடிப்பு ஆறுறதே இல்ல. பெரும்பாலும் அரசாங்க நிலம், குத்தகைக்கு எடுத்து நடத்துறாங்க. வேலை செய்றவங்க கூலிக்காரங்க, அதுல நிறைய பேர் பெண்கள்.

இதுல முக்கியமான விஷயம் காலம். உப்பு விளையுறது ஏறக்குறைய தை, மாசியில தொடங்கி புரட்டாசி வரைக்கும்தான். ஒரு நல்ல மழை பெஞ்சா வாரி வெச்ச உப்பும் கரைஞ்சு போகும். ஐப்பசி பொறந்தா உப்பளம் வெறும் குளம்தான். அந்த மூணு மாசமும் உப்பளத் தொழிலாளிக்கு வேலை கிடையாது. இது தெரிஞ்சுதான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமா வருஷத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்குது. நல்ல காரியம்தான். ஆனா மூணு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 1,667 ரூபாய். வெளியூர்லேருந்து ரெண்டு பேர் வந்து ஒரு ராத்திரி தங்கி, மூணு வேளை சாப்பிட்டு, 1,000 ரூபாய் கொடுக்குறாங்கன்னு வெச்சுக்குங்க. அஞ்சே ராத்திரியில அந்த நிவாரணத்தொகை வீட்டுக்கு வந்துடுது. கழுவெளி நிரம்பி நிக்கிறதும், வெளிநாட்டுப் பறவை இறங்குறதும், இந்த வேலையில்லாத மாசத்துக்குள்ளயும் அதையொட்டியும்தான். இயற்கையே போட்டுக் கொடுத்த கால அட்டவணை இது. எந்தச் சுற்றுலாத் திட்டமும் இதைக் கணக்குல எடுத்தா போதும், பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

உடனே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமானதுதான். அந்த மாசங்கள்தானே புயல் மாசம்? ஆமாம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறினது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல. 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ மயிலத்துல மட்டும் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுச்சு. இந்த வட்டாரம் முழுக்க வெள்ளக்காடு. அதனாலதான் நான் ஐப்பசியில வாங்கன்னு சொல்லல, மழை விட்டதும் வாங்கன்னு சொல்றேன். மார்கழி நடுவுலேருந்து மாசி கடைசி வரைக்கும் ரெண்டரை மாசம் இருக்கு. வானம் தெளிஞ்சிருக்கும், பனி இருக்கும், பறவை இன்னும் திரும்பிப் போயிருக்காது. உப்பளத்துல கூலி கைக்கு வர்றதுக்கும் நாள் இருக்கும். பாத்தி மிதிக்க ஆரம்பிச்சாலும் முதல் உப்பு எடுக்க வாரக்கணக்கு ஆகும். மழை மாசத்துல வாங்கின கடனை அடைக்கிற நேரமும் அதுதான்.

கேரளாவை வேண்டாம்னு சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. கேரளாவுலேருந்து கத்துக்க நிறைய இருக்கு, தப்பான பாடத்தைத் தூக்கிட்டு வர்றோம், அவ்வளவுதான். கெட்டுவள்ளத்தையே எடுத்துக்குங்க. ஆணி இல்லாம கயித்தால தைச்சுக் கட்டின நெல்லுப்படகு அது. லாரி வந்து அந்தப் படகுக்கு வேலை போனப்போ, சுற்றுலா வந்துதான் படகுத் தச்சர்களுக்குச் சோறு போட்டுச்சு. இதை மறுக்கவே முடியாது. ஆனா ஒண்ணு ரெண்டா இருந்தது ஆலப்புழையில நூத்துக்கணக்கா பெருகினப்போ, இன்ஜின் எண்ணெயும் கழிவும் வேம்பநாட்டுக் காயல்லதான் இறங்குச்சு. 2002லயே சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலம்னு பட்டியல்ல சேர்த்த காயல் அது. அதே வருஷம் அதே பட்டியல்ல சேர்ந்த அஷ்டமுடிக் காயல்ல, கல்லடையாறு வந்து கலக்குற இடத்துல மன்றோ துருத்துன்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு. (திருவிதாங்கூர்ல ரெசிடெண்டா இருந்த கர்னல் மன்றோ பேருல வந்தது. துருத்துன்னா நம்ம திட்டுதான்.) அங்க ஓடுறது சின்ன வள்ளம். ஒருத்தர் கழி ஊனித் தள்ளுவார், ரெண்டு மூணு பேர் உக்காந்து போவாங்க. கால்வாய் குறுகல், மரக்கிளைக்குக் குனிஞ்சு போகணும், வழியில கயிறு திரிக்கிற வீடு, இறால் வளக்குற குளம். பெரிய முதலாளி வர வழியே இல்லாத அளவுக்கு இடம் சின்னது. வர்ற காசு படகுக்காரர்கிட்டயும் வீட்டுக்காரம்மாகிட்டயும் நிக்குது. (அந்தத் தீவோட துக்கம் வேற. ஓதம் ஏறி ஏறி வீட்டுக்குள்ள உப்புத்தண்ணி வர்றதால ஜனங்க காலி பண்ணிட்டுப் போயிட்டிருக்காங்க. ஆத்துல வண்டல் வர்றது அணைக்கு அப்புறம் குறைஞ்சதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. தண்ணியோட கணக்கை மாத்தினா முதல்ல முழுகுறது தாழ்ந்த மேட்டுல இருக்குறவன் வீடுதான்.)

இன்னொண்ணு, குமரகம். 2007ல கேரள அரசு கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம்னு நாலு இடத்துல பொறுப்புச் சுற்றுலான்னு ஆரம்பிச்சப்போ குமரகத்துலதான் அது நல்லா வேர் பிடிச்சுது. காரணம் எளிமையானது. பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் உள்ள வந்தாங்க. ஹோட்டலுக்கு வேணுங்கிற காய்கறி, தேங்காய், மீனை ஊர்க்காரங்களே கொடுக்க ஏற்பாடாச்சு. தரிசாக் கிடந்த வயல்ல திரும்பப் பயிர் வெச்சாங்க. கொச்சிக்குப் பக்கத்துல கும்பளங்கி கிராமமும் அப்படித்தான். சீன வலை, நண்டு வளர்ப்பு, மீனவர் வீட்டுல தங்குறதுன்னு அங்க ஏற்கெனவே இருந்ததையே காட்டினாங்க. நமக்கு வேண்டிய பாடம் இதுதான். மரக்காணத்துலயும் மகளிர் சுய உதவிக் குழு இருக்கு, கழி மீனும் இறாலும் நண்டும் இருக்கு, மழைக்காலத்துல ஆளும் சும்மா இருக்காங்க. இல்லாதது யாராவது இதை ஒண்ணா முடிச்சுப்போடுற ஏற்பாடு மட்டும்தான். மரக்காணத்துல சர்வதேசப் பறவைகள் மையம் அமைக்கிறதா அரசு அறிவிச்சிருக்கு. அந்தக் கட்டடத்தோட சேர்த்து, கரையோரக் கிராமத்துல இருபது வீட்டுல தலைக்கு ஒரு அறையைச் சுத்தப்படுத்தி, ஒரு நல்ல கழிப்பறை கட்டிக் கொடுத்தா, கட்டடத்தைவிட அது பெரிய மையமா இருக்கும்.

சரணாலயம்னு ஆன இடத்துல மனுஷன் எதுக்கு, விலகி இருக்குறதுதானே நல்லதுன்னு பறவை மேல பிரியம் உள்ள நண்பர்கள் சொல்வாங்க. அவங்க கவலையை நான் மதிக்கிறேன். ஆனா கழுவெளியில ஆளே இல்லாம இருந்த காலம்னு ஒண்ணு கிடையாது. ஆடு மாடு மேய்ச்சவங்க, வலை வீசினவங்க, உப்பு எடுத்தவங்க, கரையில பயிர் வெச்சவங்க எல்லாரும் இருந்துக்கிட்டேதான் பறவையும் வந்துச்சு. கெடுத்தது வேற. ஆக்கிரமிப்பு, இறால் பண்ணை, பறவை வேட்டை. வேட்டையைத் தடுக்க வனத்துறை ஆளை மட்டும் வெச்சு அம்பது சதுர கிலோமீட்டரைக் காவல் காக்க முடியாது. பறவையைப் பார்க்க வர்றவங்களால அடுப்பு எரியுற வீடு கரையில பத்து இருந்தா, கண்ணி வெக்கிறவனை அந்த ஊரே கேள்வி கேக்கும். அதே சமயம் எல்லை தெளிவா இருக்கணும். சரணாலயத் தண்ணிக்குள்ள சுற்றுலாப் படகு வேண்டாம், மோட்டார் கூடவே கூடாது. ட்ரோன் வேண்டாம், ஒரு ட்ரோன் போதும் ஆயிரம் பறவை மேய்ச்சலை விட்டு எழுந்து பறக்க. கரையில நடந்து, ஒரு தொலைநோக்கியோட உக்காந்து பாருங்க. தாழ்வான கரை, மறைப்பு இல்லாத வெளி, காலை வெயில் முதுகுல படுற மாதிரி கிழக்குக் கரையில உக்காந்தா எல்லாம் தெரியும். படகுல ஏறியே ஆகணும்னா ஆலம்பரைப் பக்கத்து உப்பங்கழி இருக்கு. மீன்பிடிக்காத நேரத்துல மீனவரோட படகுலயே போகலாம்.

வசதி இல்லையேன்னு கேக்குறவங்களுக்கு ஒரு பழைய சாட்சி சொல்றேன். சிறுபாணாற்றுப்படைன்னு சங்க நூல் ஒண்ணு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்கிட்ட பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. எந்த ஊர் வழியா போகணும், அங்க யார் என்ன சாப்பாடு போடுவாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லும். அதுல கடற்கரை ஊரா வர்ற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. அந்த ஊர்ல வழிப்போக்கனுக்கு என்ன கிடைக்கும்? பரதவர் வீட்டு கள்ளும், சுட்ட குழல் மீனும். அவங்க சாப்பிடுறதுதான், அதுல ஒரு பங்கு. அடுத்து வர்ற வேலூர்ல, ஆமூர்ல சாப்பாடு வேற. முல்லை நிலத்துல ஒண்ணு, மருதத்துல ஒண்ணு. அந்தக் காலத்துலயே நம்ம ஆளு ஊர்விட்டு ஊர் போறதுன்னா அந்தந்த நிலம் என்ன கொடுக்குதோ அதைச் சாப்பிடுறதுன்னு புரிஞ்சு வெச்சிருக்கான். மரக்காணத்துல வந்து உக்காந்துட்டு பன்னீர் பட்டர் மசாலா கேட்டா, வீட்டுலயே இருந்திருக்கலாமே. மடவை மீன் குழம்பு, கழி நண்டு ரசம், முந்தின நாள் சோத்துல தண்ணி ஊத்தின பழையதோட சுட்ட கருவாடு, இதைவிட என்ன வேணும்? சுத்தமான படுக்கை, தண்ணி வர்ற கழிப்பறை, கொசுவலை, இந்த மூணும் கட்டாயம் கேளுங்க, அது நியாயம். அதுக்கு மேல கேக்குற ஒவ்வொண்ணும் அந்த வீட்டுக்காரரை விட்டுட்டு வெளியூர் முதலாளியைத்தான் கூட்டிட்டு வரும்.

எனக்கே ரொம்ப பயம் தர்ற ஆட்சேபம் கடைசியா இருக்கு. இன்னைக்கு இருபது அறைன்னு ஆரம்பிச்சா நாளைக்கு அது ரிசார்ட்டா மாறாதா? இடையஞ்சாவடியில இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. 1968 பிப்ரவரி 28ல ஆரோவில் தொடங்கினப்போ இந்த மேடு மொட்டைச் செம்மண் காடு. அவங்க நட்ட மரம் இன்னைக்கு நிழலா நிக்குது, சுத்துப்பட்டு ஊர்ல எத்தனையோ குடும்பத்துக்கு வேலை கிடைச்சுது, அதெல்லாம் உண்மை. கூடவே குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், இடையஞ்சாவடின்னு எல்லா ஊர்லயும் மனை விலை ஏறி, உள்ளூர்க்காரன் மகனுக்கு சொந்த ஊர்லயே அரை கிரவுண்டு வாங்க முடியாத நிலையும் வந்துச்சு. வர்ற கூட்டத்தால வர்ற காசு நிலத்துல ஏறிடுச்சுன்னா, நிலம் வெச்சிருந்தவன் ஒரு தடவை வித்துட்டு வெளியேறுவான், நிலமே இல்லாதவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. உப்பளத் தொழிலாளி நிலம் இல்லாதவங்க. அதனாலதான் நான் புது நிலத்துல புதுக் கட்டடம் வேண்டாம்கிறேன். இருக்குற வீட்டுல ஒரு அறை, வருஷத்துல ரெண்டரை மாசம், மத்த மாசம் அந்த அறை அந்த வீட்டுப் பிள்ளைங்க படிக்கிற இடம். வருஷத்துல ஒன்பதரை மாசம் சும்மா கிடக்குற தொழிலுக்கு எந்த முதலாளியும் பணம் போட மாட்டான். பருவம் குறுகலா இருக்குறதுதான் இங்க காவல். நீர்நிலைக் கரையில கடலோர ஒழுங்குமுறைச் சட்டமும் இருக்கு, சரணாலய எல்லையும் இருக்கு, பஞ்சாயத்து விழிப்பா இருந்தா அதையும் பிடிச்சுக்கலாம்.

அப்படி ஏற்பாடு வர்ற வரைக்கும் ஒண்ணும் செய்ய முடியாதான்னு கேட்டா, செய்யலாம். தை மாசம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரியிலோ இடையஞ்சாவடியிலோ தங்கிக்குங்க. விடியக்காலை கிளம்பினா முக்கால் மணி நேரத்துல மரக்காணம். பறவையை ரெண்டு மணி நேரம் பாருங்க. டீயும் டிபனும் ஊருக்குள்ள இருக்குற கடையில. அப்புறம் பூமீஸ்வரர் கோயிலுக்குப் போங்க, சுவர்ல சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கு. பக்கிங்காம் கால்வாய் ஆந்திராவுலேருந்து ஓடிவந்து முடியுற இடமும் மரக்காணம்தான். இந்தக் கரை உப்பும் விறகும் படகுல மெட்ராஸ் போன வழி அது. பகல் ஏறினதும் உப்பளத்து வரப்புல நில்லுங்க. வேலையில இருக்குறவங்ககிட்ட கேட்டுட்டு நில்லுங்க, கேக்காம போட்டோ எடுக்காதீங்க. புதுசா மிதிச்ச பாத்தியில முதல் தண்ணி விட்டிருப்பாங்க. வரப்புக்கு அந்தப் பக்கம் பழைய மழைத்தண்ணி தேங்கின பாத்தியில நாலு நெடுங்கால் உள்ளான் நடந்துக்கிட்டிருக்கும். ரெண்டு பாத்திக்கும் நடுவுல ஒரு அடி சேத்து வரப்பு. போகும்போது ரோட்டோரம் விக்கிற கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கிக்குங்க. பேரம் பேசாதீங்க.